இடைநிலை அரபு: வெளிநாட்டில் ஒரு பருவம் படிக்கப் போகலாம் என்றிருக்கிறேன், எதைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது?

கீழ்வானம் எழுதியது:

வணக்கம். கல்லூரியில் அரபு விருப்பப் பாடம். அல்-கிதாப் பாடநூலில் முதல் பாகம் முடிந்து இரண்டாம் பாகத்தில் நுழைந்திருக்கிறேன். அகராதி பக்கத்தில் இருந்தால் சிறிய செய்திகளைப் படித்துவிடுவேன், வினைச்சொல்லின் பத்து வடிவங்களும் ஓரளவு பிடிபட்டுவிட்டன. பேச்சுதான் தகராறு. என் பெயர், குடும்பம், படிப்பு என்று சொல்லி முடித்ததும் வாய் அடைத்துக்கொள்கிறது.

இடைநிலை மாணவர்களுக்கென்று பல்கலைக்கழகங்கள் நடத்தும் தீவிர வகுப்பில் ஒரு கோடையோ ஒரு பருவமோ சேரலாம் என்று நினைக்கிறேன். ஜோர்டானில் அம்மான், துனிசியாவில் துனிஸ், மொராக்கோவில் இஃப்ரான், கத்தாரில் தோஹா ஆகிய நான்கையும் பார்த்துக்கொண்டிருக்கிறேன். இந்தப் பணத்தை இன்னொரு முறை என்னால் சேர்க்க முடியாது. அதனால் போய் வந்தவர்கள் கொஞ்சம் விரிவாகவே சொல்லுங்கள். ஃபுஸ்ஹா என்கிற எழுத்து வழக்கைப் படிப்பதா, பேச்சு வழக்கு படிப்பதா என்பதிலும் குழப்பமாக இருக்கிறது.

நெடுவழி எழுதியது:

தாராளமாகப் போங்கள். நீங்கள் இருக்கும் நிலைதான் போவதற்குச் சரியான நிலை. எழுத்தே தெரியாமல் போகிறவர்கள் முதல் சில வாரங்களை எந்த ஊரிலும் உட்கார்ந்து படிக்கக்கூடிய விஷயத்துக்காக அங்கே செலவழிக்கிறார்கள். நன்றாகப் பேச வந்த பிறகு போகிறவர்களுக்கு வகுப்பே தேவையில்லை, ஒரு வேலையோ ஆய்வோ போதும். நடுவில் இருப்பவர்களுக்குத்தான் அந்த ஊரும் வகுப்பும் சேர்ந்து வேலை செய்யும்.

ஏன் என்று சொல்கிறேன். பேச்சுத் திறனை அளக்க ஆக்ட்ஃபில் என்ற அமெரிக்க அளவுகோல் பரவலாகப் புழங்குகிறது. அதில் இடைநிலை என்றால் தனித்தனி வாக்கியங்களில் சொந்தமாகப் பேச முடியும், எளிய கேள்வி கேட்கவும் பதில் சொல்லவும் முடியும், அவ்வளவுதான். அதற்கு மேல்நிலைக்குப் போக வேண்டுமென்றால் நடந்ததை, நடப்பதை, நடக்கப் போவதை ஒரு பத்தி அளவுக்குக் கோவையாகச் சொல்ல வேண்டும், எதிர்பாராத சிக்கல் வந்தால் பேசியே சமாளிக்க வேண்டும். உங்கள் வாய் அடைத்துக்கொள்வது இந்த இடத்தில்தான். சொல் போதாமல் அடைக்கவில்லை. ஒரு வாக்கியத்தை அடுத்ததோடு கோத்துக்கொண்டு போகும் பழக்கம் இன்னும் வரவில்லை. வகுப்பறையில் அது எளிதில் வராது, ஏனென்றால் அங்கே நீங்கள் பாதி சொன்னதுமே ஆசிரியர் மீதியைப் புரிந்துகொண்டுவிடுவார்.

அம்மானில் நடப்பதைச் சொல்கிறேன். அங்கே குழாய்த் தண்ணீர் தினமும் வராது. பல பகுதிகளில் வாரத்துக்கு ஒரு தடவை வந்து மாடித் தொட்டியை நிரப்பிவிட்டுப் போகும். நடு வாரத்தில் தொட்டி காலியானால் ஹாரிஸிடம் போக வேண்டும். ஹாரிஸ் என்றால் கட்டடக் காவலாளி. தண்ணீர் இல்லை என்று நீங்கள் ஒரு வாக்கியம் சொன்னதும் அவர் திருப்பிக் கேட்பார்: போன தடவை வந்தபோது நிரம்பியதா, எத்தனை பேர் இருக்கிறீர்கள், குளியலறைக் குழாய் ஒழுகுகிறதா, லாரித் தண்ணீர் வரவழைத்தால் யார் பணம் கொடுப்பது. போன வாரம் நிரம்பியது, ஆனால் கீழ்வீட்டுக்காரர் சுவர் ஈரமாக இருப்பதாக நேற்றுச் சொன்னார், அப்படியென்றால் குழாய் எங்கோ உடைந்திருக்கலாம், அதற்கு நாங்கள் பணம் கொடுக்க முடியாது என்று நீங்கள் சொல்லித்தான் ஆக வேண்டும். இறந்தகாலம், காரணம், நிபந்தனை, மறுப்பு எல்லாம் ஒரே மூச்சில். இதை நாலைந்து தடவை செய்தவருக்குப் பத்தியாகப் பேசுவது தானாக வந்துவிடும். இன்னொன்று, அந்த ஹாரிஸ் பெரும்பாலும் எகிப்துக்காரராக இருப்பார். வகுப்பில் ஜோர்டான் பேச்சு, வாசலில் எகிப்துப் பேச்சு.

அதனால் எந்தத் திட்டத்தைப் பார்த்தாலும் பாட அட்டவணையில் மதியத்துக்குப் பிறகு என்ன இருக்கிறது என்று முதலில் கேளுங்கள். காலை வகுப்பு எல்லா இடத்திலும் ஏறக்குறைய ஒன்றுதான்: வாசிப்பு, இலக்கணம், கேட்டல், கொஞ்சம் எழுத்து. அமெரிக்க வெளியுறவுப் பணி நிறுவனம் தன் அதிகாரிகளுக்கு மொழி பயிற்றுவிப்பதில் அரபுக்கு வைத்திருக்கும் கணக்கு 88 வாரம், 2200 வகுப்பு மணி. நீங்கள் எட்டு வாரக் கோடை வகுப்பில் வாரம் 20 மணி உட்கார்ந்தால் கிடைப்பது 160 மணி. வகுப்பை மட்டும் நம்பினால் இந்தக் கணக்கு எப்போது நிறைவது? வகுப்புக்கு வெளியே போகும் மணிகளையும் அரபுக்குள் கொண்டுவரும் திட்டம்தான் உங்கள் பணத்துக்கு மதிப்பு.

வேர்தேடி எழுதியது:

நெடுவழி சொல்வதில் பாதிதான் ஏற்க முடிகிறது. நான் மதரஸாவில் ஓதியவன். நஹ்வும் (தொடரிலக்கணம்) ஸர்ஃபும் (சொல்லிலக்கணம்) நன்றாக ஊன்றிவிட்டுத்தான் வெளியே போனேன். பேச்சு வழக்கு ஊருக்கு ஊர் மாறும், ஒரு நாட்டுக்குள்ளேயே மாறும். ‘இப்போது’ என்பதற்கு ஃபுஸ்ஹாவில் அல்-ஆன், அம்மானில் ஹல்லா, கெய்ரோவில் தில்வக்தி போல ஒன்று, மொராக்கோவில் தாபா. ஒருவர் எதைத்தான் கற்பது? கீழ்வானம், நீங்கள் பிற்பாடு செய்தி படிக்கவோ நூல் படிக்கவோ மொழிபெயர்க்கவோ போகிறீர்கள் என்றால் ஃபுஸ்ஹா கைவிடாது. கிடைக்கும் ஒரே பருவத்தைத் தெருப் பேச்சுக்குக் கொடுத்துவிட்டு வராதீர்கள் என்பதே என் வேண்டுகோள். ஃபுஸ்ஹாவில் பேசினால் எந்த அரபு நாட்டிலும் புரிந்துகொள்வார்கள், மரியாதையாகவும் நடத்துவார்கள்.

நெடுவழி எழுதியது:

வேர்தேடி, உங்கள் அடித்தளம் எனக்குப் பொறாமையாகவே இருக்கிறது, நஹ்வில் அந்த ஊன்றல் இல்லாதவர்கள் படும் பாட்டைப் பார்த்திருக்கிறேன். ஆனால் ஒன்று. ஃபுஸ்ஹாவில் பேசினால் அவர்களுக்குப் புரியும், சரி. அவர்கள் பதில் சொல்வது உங்களுக்குப் புரிய வேண்டுமே? கடைக்காரர் உங்களுக்காக இரண்டு வாக்கியம் ஃபுஸ்ஹாவில் சொல்வார், மூன்றாவதில் தன் பேச்சுக்குப் போய்விடுவார், இல்லையென்றால் ஆங்கிலத்துக்குத் தாவிவிடுவார். அப்புறம் உங்கள் நாள் முழுக்க ஆங்கிலத்தில்தான் ஓடும்.

தமிழ் பேசுகிற நமக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை. 1959-இல் மொழியியலாளர் சார்லஸ் ஃபெர்குசன் இரட்டை வழக்கு பற்றி எழுதிய கட்டுரையில் அரபை முக்கிய எடுத்துக்காட்டுகளில் ஒன்றாக வைத்தார், தமிழும் அந்த வரையறைக்குப் பொருந்துவதை அங்கேயே குறிப்பிட்டார். எழுதுவது ஒன்று, பேசுவது ஒன்று என்று வாழ்ந்து பழகியவர்கள் நாம். மேடைத் தமிழ் மட்டும் கற்றுக்கொண்டு வரும் வெளிநாட்டவருக்கு இங்கே எது கிடைக்கும், எது கிடைக்காது என்று நமக்குத் தெரியும். ஒரு வழக்கைக் கற்றால் இன்னொன்று கெட்டுவிடும் என்று நாம் பயப்படுவதில்லை. அரபுக்கு மட்டும் ஏன் பயப்பட வேண்டும்?

இடைநிலையில் நான் சொல்வது இதுதான்: காலை வகுப்பின் பெரும்பகுதி ஃபுஸ்ஹாவாக இருக்கட்டும், கூடவே அந்த ஊர்ப் பேச்சு வழக்குக்கு முறையான வகுப்பு இருக்கட்டும். வாரத்தில் ஒரு மணி நேரம் பெயருக்கு வைப்பதை நான் சேர்க்கவில்லை. அல்-கிதாபின் மூன்றாம் பதிப்பிலேயே எகிப்து, சிரியப் பேச்சு வழக்குகளை ஃபுஸ்ஹாவுக்குப் பக்கத்தில் வைத்துத்தான் பாடம் அமைத்திருக்கிறார்கள். ஒரு வழக்கை நன்றாகப் பிடித்துக்கொண்டால் இன்னொன்றுக்குப் போவது சில வாரப் பழக்கம். எதுவுமே பிடிக்காதவருக்குத்தான் எல்லாமே அந்நியமாகக் கேட்கும்.

மூன்றெழுத்து எழுதியது:

இவ்வளவு செலவு எதற்கு? இணையத்தில் கெய்ரோ ஆசிரியர் ஒருவரிடம் தினமும் ஒரு மணி நேரம் பேசினால் விமானச் செலவு மிச்சம். வீட்டில் நாள் முழுக்க அல்-ஜசீரா ஓடட்டும்.

நிலாமாடம் எழுதியது:

மூன்றெழுத்து சொல்வதைப் போவதற்கு முன்னால் செய்ய வேண்டும், அதற்கு மிகவும் நல்லது. போவதற்குப் பதிலாக என்றால் எனக்கு ஒப்புதல் இல்லை. இணைய ஆசிரியர் உங்களுக்குப் பழகிவிடுவார், உங்கள் உச்சரிப்புக்கு அவர் காது பழகிவிடும். அல்-ஜசீராவும் இடைநிலைக்குக் கொஞ்சம் கனம்தான். அதைவிட ஸ்பேஸ்டூன் அலைவரிசையில் வரும் சிறுவர் கார்ட்டூன்களைப் பாருங்கள். நல்ல ஃபுஸ்ஹாவில் குரல் கொடுத்திருப்பார்கள், வாக்கியங்கள் சின்னவை, காட்சியே பாதியைப் புரியவைத்துவிடும்.

நான் அம்மானில் ஒரு பருவம் படித்தவள், குடும்பத்தோடு தங்கும் ஏற்பாட்டில். கீழ்வானம் பெண்ணா ஆணா தெரியவில்லை, எப்படியிருந்தாலும் இதைச் சொல்ல வேண்டும். பெண்களுக்குக் குடும்பத்தோடு தங்குவதில் கிடைக்கும் அளவுக்கு அரபு வேறு எதிலும் கிடைப்பதில்லை. அடுக்களையில் கோசா பூசணிக்குள் அரிசி திணித்துக்கொண்டு அம்மாவும் அக்காமார்களும் பேசும் பேச்சுக்குள் உங்களை இழுத்துக்கொள்வார்கள். அந்த வட்டம் வெளி ஆணுக்குத் திறக்காது. ஆண்களுக்குக் காபிக்கடையும் டாக்ஸியின் முன் இருக்கையும் எளிதாகத் திறக்கும், எங்களுக்கு அவை அவ்வளவு எளிதில்லை. ஆகவே தங்குமிடம் பற்றி ஒரே அறிவுரை எல்லோருக்கும் பொருந்தாது.

உச்சரிப்பிலும் இது வரும். காஃப் என்ற எழுத்தை அம்மானில் சிலர் ‘தங்கம்’ என்பதில் வரும் ககரம் போலச் சொல்வார்கள், சிலர் தொண்டையில் ஒரு வெட்டாக விழுங்கிவிடுவார்கள். நகரப் பெண்கள் பெரும்பாலும் விழுங்குவார்கள், ஆண்களில் பலர் ககரமாகச் சொல்வார்கள். குடும்பம் எந்த ஊரிலிருந்து வந்தது என்பதும் அதில் தெரியும், ஏனென்றால் நகரத்தில் பாதிப் பேருக்குப் பாலஸ்தீன வேர். எங்கள் வகுப்பில் ஒரு மாணவர் பேச்சு வழக்கை முழுக்க ஆசிரியைகளிடம் கற்றார், அவர் காஃபை விழுங்கிப் பேசுவதைக் கேட்டு டாக்ஸி ஓட்டுநர்கள் அன்பாகத் திருத்துவார்கள். எந்தப் பாடநூலிலும் இதைச் சொல்லித்தரமாட்டார்கள், ஆனால் அங்கே போய் ஒரு வாரத்தில் காதில் விழும்.

குடும்ப ஏற்பாட்டில் ஒரு எச்சரிக்கை. சில வீடுகளில் மாணவர்களை வாடகைக்காரர்களாக மட்டும் பார்ப்பார்கள். தட்டில் சாப்பாடு வரும், பேச்சு வராது. சேரும் முன்பே வீட்டில் குழந்தைகள் உண்டா, சாப்பாடு எல்லோரும் சேர்ந்தா, அதே வீட்டில் வேறு வெளிநாட்டு மாணவர் இருக்கிறாரா, பிடிக்கவில்லை என்றால் வீடு மாற்றித் தருவார்களா என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

கடலோரப்பறவை எழுதியது:

துனிஸ் பற்றிச் சொல்ல ஒருவராவது வேண்டும் அல்லவா. அங்கே புர்கிபா நவீன மொழிகள் நிறுவனத்தின் கோடைகாலத் தீவிர வகுப்பு நெடுங்காலமாகப் பெயர் பெற்றது, பல நாட்டு மாணவர்கள் வருவார்கள், ஆங்கிலமே தாய்மொழியாக இல்லாதவர்கள் நிறைய. ஜப்பானிய மாணவருக்கும் இத்தாலிய மாணவருக்கும் உங்களுக்கும் பொதுமொழி அரபுதான் என்றால் இடைவேளையில்கூட அரபு ஓடும். இதை யாரும் விளம்பரத்தில் போடுவதில்லை, ஆனால் பெரிய விஷயம்.

குறை என்றால் பிரெஞ்சு. துனிசியாவிலும் மொராக்கோவிலும் வெளிநாட்டு முகத்தைக் கண்டால் பிரெஞ்சில் தொடங்குவார்கள். உங்களுக்குப் பிரெஞ்சு தெரியாது என்றால் அது உங்களுக்கு வசதியே, தெரியாது என்று சொல்லிவிட்டு அரபில் தொடருங்கள். அந்த ஊர்ப் பேச்சு வழக்கு கிழக்கு நாடுகளில் எளிதில் புரியாது என்பதும் உண்மை. மேற்கு அரபு நாடுகளில் வேலையோ ஆய்வோ செய்யப் போகிறவர்கள் தயங்காமல் போகலாம், அப்படி ஒரு காரணம் இல்லாதவருக்கு நானும் அம்மானைத்தான் சொல்வேன்.

இஃப்ரானில் இருப்பது அல்-அகவைன் பல்கலைக்கழகம். மலை மேல், 1600 மீட்டருக்கு மேல் உயரம், கோடையில் குளுகுளுவென்று இருக்கும், படிக்க அருமையான இடம். அரபு வகுப்புகளும் நல்ல தரம். ஆனால் பல்கலைக்கழகத்தின் பயிற்றுமொழி ஆங்கிலம், ஊரும் சிறியது, வளாகத்தைவிட்டு வெளியே வராமலேயே நாள் முடிந்துவிடும். வெளியே போக வைக்கும் ஏற்பாடு என்ன என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

கீழ்வானம் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி, இவ்வளவு எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை. இன்னும் சில கேள்விகள். தோஹாவைப் பற்றி யாரும் பேசவில்லையே, உதவித்தொகை உண்டு என்கிறார்கள். சில திட்டங்களில் அரபு தவிர வேறு மொழி பேசமாட்டேன் என்று கையெழுத்து வாங்குகிறார்கள், அது நடைமுறையில் வேலை செய்கிறதா? நுழைவுத் தேர்வுக்கு எப்படித் தயாராவது? அப்புறம், அந்தப் பகுதியில் அடிக்கடி போர்ச் செய்தி வருகிறது, வீட்டில் பயப்படுகிறார்கள்.

நெடுவழி எழுதியது:

தோஹா: கத்தார் பல்கலைக்கழகத்தில் அரபு தாய்மொழி அல்லாதவர்களுக்கான திட்டம் ஒரு கல்வியாண்டுக்கானது, உதவித்தொகை கிடைத்தால் பணக் கவலை பெரிதும் குறையும். பணம்தான் தடை என்றால் கட்டாயம் விண்ணப்பியுங்கள். ஆனால் தோஹாவில் வசிப்பவர்களில் மிகப் பெரும்பாலோர் வெளிநாட்டினர். கடையில், பேருந்தில், உணவகத்தில் ஆங்கிலமோ இந்தியோ மலையாளமோ போதும், தமிழும் கேட்கும். நம் முகத்தைப் பார்த்ததும் அரபு பேசுபவர்கள்கூட, தொழிலாளர்களிடம் பேசும் உடைந்த அரபில்தான் பேச்சைத் தொடங்குவார்கள். அதற்கு நல்ல அரபில் நிதானமாகப் பதில் சொல்லுங்கள், அவர்கள் நடை உடனே மாறும். வளாகத்துக்குள் அரபு நண்பர்களைத் தேடிப் பிடிக்கும் ஆளாக நீங்கள் இருந்தால் அங்கே நன்றாகவே வளரலாம்.

மொழி உறுதிமொழி: அமெரிக்காவின் மிடில்பரி கல்லூரி இதற்குப் பெயர் பெற்றது, மற்ற இடங்களும் எடுத்துக்கொண்டிருக்கின்றன. வேலை செய்கிறதா என்றால், கூட இருப்பவர்கள் கடைப்பிடிக்கும் வரை வேலை செய்யும். இரண்டாம் மூன்றாம் வாரத்தில் ஒரு களைப்பு வரும். நினைப்பதில் பத்தில் ஒரு பங்குகூடச் சொல்ல முடியாமல், நம் அறிவே குறைந்துவிட்டதுபோல ஒரு எண்ணம் வரும். அந்த நேரத்தில் ஒரே மொழிக்காரர்கள் நாலு பேர் ஓர் அறையில் கூடினால் உறுதிமொழி அங்கேயே முடிந்துவிடும். வீட்டோடு பேசுவதற்கு வாரத்தில் நேரம் குறித்துவைத்துக்கொள்ளுங்கள், அறைத்தோழராக வேறு தாய்மொழிக்காரரைக் கேளுங்கள். கடலோரப்பறவை சொன்ன அந்த ஜப்பானிய, இத்தாலிய மாணவர் விஷயத்தை நான் முழுமனதோடு வழிமொழிகிறேன்.

தேர்வு: எழுத்துத் தேர்வில் இலக்கணமும் வாசிப்பும், அப்புறம் ஒரு கட்டுரை, பிறகு வாய்மொழி. இதில் உயர்ந்த வகுப்பில் விழ வேண்டும் என்று மனப்பாடக் கட்டுரை எழுதாதீர்கள். வேர்தேடி போல நஹ்வில் தேர்ந்தவர்கள் எழுத்தில் மேல் வகுப்புக்கும் பேச்சில் கீழ் வகுப்புக்கும் பொருந்துவார்கள், அவர்கள் பேச்சுக்குத் தனி வகுப்பு கேட்டு வாங்க வேண்டும். போவதற்கு முன் ஹான்ஸ் வேர் அகராதியைப் புரட்டப் பழகிவிடுங்கள். அது வேர்ச்சொல் வரிசையில் இருக்கிறது, மக்தபா (நூலகம்) என்ற சொல்லைத் தேட க-த-ப என்ற வேருக்குப் போக வேண்டும். அலைபேசியில் தட்டினால் பொருள் வரும், வேர் மனதில் தங்காது.

வேர்தேடி எழுதியது:

நடுவில் வருகிறேன், மன்னிக்கவும். எழுத்தில் மேல், பேச்சில் கீழ் என்றது என் விஷயத்தில் அப்படியே உண்மை, தேர்வு முடிவைப் பார்த்து எங்கள் ஆசிரியரே வியந்தார். பேச்சு வழக்குக்கு நான் எதிரி இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஃபுஸ்ஹா வகுப்பைக் குறைத்து அதைக் கூட்டுவதைத்தான் எதிர்க்கிறேன். நெடுவழி சொன்ன பிரிப்பு எனக்கும் சரியே. இன்னொன்று, இஃராபை, அதாவது சொல்லின் இறுதியில் வரும் வேற்றுமை ஒலிகளை, பேச்சில் முழுக்கக் காட்ட வேண்டியதில்லை, படிக்கும்போது மனதுக்குள் தவறாமல் வையுங்கள். அது கைவசம் இருந்தால் நீண்ட வாக்கியத்தில் எழுவாய் எது, செயப்படுபொருள் எது என்று தடுமாறமாட்டீர்கள்.

நெடுவழி எழுதியது:

நன்றி வேர்தேடி, நல்ல குறிப்பு.

பாதுகாப்பு பற்றி: வீட்டில் பயப்படுவது நியாயமே. 2011-க்கு முன் அரபு படிக்கப் பலரும் போன ஊர் டமாஸ்கஸ், போர் தொடங்கியதும் அந்த மாணவர் கூட்டத்தில் பெரும்பகுதி அம்மானுக்கு வந்தது. அம்மான் அமைதியான ஊர்தான், ஆனாலும் ஏப்ரல் 2024-இலும் ஜூன் 2025-இலும் ஜோர்டான் தன் வான்வழியைத் தற்காலிகமாக மூடியது. ஆகவே இடையில் நிறுத்தினால் கட்டணம் எவ்வளவு திரும்பும், மீதியை இணையத்தில் முடிக்க முடியுமா, மதிப்பெண் செல்லுமா என்ற மூன்றுக்கும் எழுத்தில் பதில் வாங்கிய பிறகே பணம் கட்டுங்கள். தேதி மாற்றக்கூடிய விமானச்சீட்டு எடுங்கள், விலை கூடினாலும் பரவாயில்லை.

பணக் கணக்கு போடும்போது, ஜோர்டான் தினார் 1995 முதல் டாலரோடு கட்டப்பட்டிருக்கிறது, ஒரு தினார் ஏறக்குறைய 1.41 டாலர். நூறு தினார் வாடகை என்று கேட்டுச் சிறிய தொகை என்று நினைத்துவிடாதீர்கள். வார விடுமுறை வெள்ளியும் சனியும், வகுப்பு ஞாயிறு முதல் வியாழன் வரை. ரமழான் ஒவ்வோர் ஆண்டும் பத்துப் பதினொரு நாள் முன்னால் நகரும், உங்கள் பருவத்துக்குள் விழுகிறதா பாருங்கள். விழுந்தால் வகுப்பு நேரம் குறையலாம், ஆனால் இஃப்தாருக்குக் கூப்பிடுவார்கள், போனால் நள்ளிரவு வரை பேச்சு ஓடும். நான் என்றால் அந்த மாதத்தைத் தேடிப் போவேன்.

நிலாமாடம் எழுதியது:

ரமழானை நானும் வழிமொழிகிறேன். கீழ்வானம், அம்மானுக்கு முடிவு செய்தால் தனிமடல் போடுங்கள், குடும்பத்திடம் கேட்க வேண்டிய கேள்விகளை அரபிலேயே எழுதித் தருகிறேன். அதை நீங்களே அழைத்துப் பேசுங்கள், நேரில் போவதற்கு முன்பே பயிற்சியாகிவிடும்.

கீழ்வானம் எழுதியது:

அம்மான்தான், ஒரு முழுப் பருவம். கோடை எட்டு வாரம் போதாது என்று அந்த 160 மணிக் கணக்கைப் பார்த்ததும் முடிவு செய்துவிட்டேன். மூன்று திட்டங்களுக்கு இன்று கடிதம் எழுதினேன், மதிய நேர ஏற்பாடு, தங்குமிடம், கட்டணம் திரும்பும் விதி மூன்றையும் கேட்டிருக்கிறேன். பதில் வந்ததும் இங்கேயே போடுகிறேன், சேர்ந்து பார்த்துச் சொல்லுங்கள்.